முன்பின் தெரியாதவருக்கு

குருநகரில் ஐஸ் ஆலைக்கு மேல்மாடி
எங்கள் கந்தோர்.
கீழே கட்டி உடைகிற ஒவ்வொரு தரமும்
என் தேத்தண்ணியில் ஒரு வளையம்.

முகம் தெரியாதவனுக்கு எழுதி
சாமான் விற்கிற மடலுக்கு
கோல்ட் மெயில் என்று பெயராம்.
யூஜின் அண்ணை சொன்னபோது சிரித்துவிட்டேன்:
இங்கை எதுதான் சூடாய்க் கிடக்கு?

இருநூற்றுப் பதினாலு முகவரி.
ரொட்டர்டாம், ஹம்பேர்க், ஒசாக்கா.
அவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை.
ஆனாலும் ‘அன்புள்ள’ என்று தொடங்க வேண்டும்.

ஏஐயிடம் சொன்னேன்:
யாழ்ப்பாணத்திலிருந்து நண்டுச் சதை, மூன்று தரம்,
சுருக்கமாய், மரியாதையாய் ஒன்று எழுது.
கதிரையை நான் இழுத்துப் போட முன்னம்
எழுதி முடித்திருந்தது.

“இம்மடல் தங்களை நலமுடன் கண்டடையும் என நம்புகிறேன்.”
கண்டடையுமாம்.
அறுந்து போன வலையைத் தேடுவது மாதிரி
அந்த மனிசனைத் தேடித் திரியுமாம் மடல்.
வெட்டினேன்.

அடுத்தது வந்தது.
“போர் தின்ற கரையில்
மீண்டெழுந்த பெண்களின் கைகள் பிரித்தெடுத்த சதை.”
அடியில் ஒரு புத்திமதி:
இப்படித் தொடங்கினால்
பதில் வரும் வாய்ப்புக் கூடும்.

போரைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
யாழ்ப்பாணம் என்றுதான் சொன்னேன்.
மீதியை அதுவே போட்டுக்கொண்டது.

கீழே எமில்டா,
என்னோடு ஓ.எல். எழுதினவள்,
கால்மடிப்பில் கத்தி நுனியை விட்டு
ஒரு துண்டு ஓடும் ஒட்டாமல் சதையை இழுக்கிறாள்.
போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்,
கையுறை ஈரம்.
வாசித்தாள்.
“உண்மைதானே” என்றாள்.
இன்னும் இரண்டு நண்டு முடிந்தது.
“ஆனா நண்டுக்குக் காசு தரச் சொல்லு.
மற்றதுக்கு வேண்டாம்.”

மேலே வந்து தட்டினேன்:
போர் வேண்டாம், மீட்சி வேண்டாம்,
சாம்பல், பறவை, விடியல், ஒன்றும் வேண்டாம்.
‘புரிகிறது’ என்று பணிவாய்ச் சொல்லிவிட்டு
மூன்றாம் வரியில் ‘விடாமுயற்சி’யைச் செருகியது.
வெட்டினேன்.
‘உலகத்தரம்’. வெட்டினேன்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும்.
ஒசாக்காக்காரர் நண்டு சூப் விற்கிறார் என்று
தேடிக் கண்டு சொன்னது அதுதான்.
என் இங்கிலீசை
இரவு பதினொன்றுக்கும் முகம் சுழிக்காமல் திருத்தியது,
ரியூசன் மிஸ் ஒருத்தியும் செய்யாத வேலை.

கடைசியில் மிஞ்சியது இவ்வளவு:

விடிய மூன்றரைக்கு நண்டு கரைக்கு வரும்.
ஆறுக்குள் அவியும்.
பத்துக்குள் டின்னில் அடையும்.
பெரிய வெள்ளியில் தொழில் இல்லை.
மாதிரி அனுப்பவா?

நான்காம் வரி விற்பனைக்கு உதவாது, நீக்கலாமா
என்று கேட்டது.
இருக்கட்டும் என்றேன்.

இருநூற்றுப் பதினாலும் போயின.
திங்கள், பதினொரு பேர் விடுமுறையில்.
செவ்வாய், இரண்டு நீண்ட பதில்;
என் மடல் தங்களை நலமுடன் கண்டடைந்ததாம்.
எந்தக் கை எழுதியதென்று
எனக்கா தெரியாது?

வியாழன், ரொட்டர்டாம்.
வணக்கமில்லை, ஒற்றை வரி, அதிலும் எழுத்துப்பிழை:
ஐஸ் எந்தத் தண்ணியில்?

ஏஐ ஆயத்தமாய் நின்றது,
‘உயர்தரச் சுத்திகரிப்பு’ என்று மூன்று பந்தியோடு.
லப்டொப்பை மூடிவிட்டு
செருப்பைத் தேடினேன்.

கட்டி உடைக்கிற மரியதாசன்
ஓங்கிய கையை இறக்கினான்.
“ஆர் கேக்கிறது?”
“ரொட்டர்டாமிலை ஒராள்.”
“பேர்?”

பார்க்கவில்லை.
மறுபடி படியேறினேன்.